டைமிங் பெல்ட்: எப்போ மாத்தணும், எவ்வளவு கொடுக்கலாம்?

இந்த எபிசோடு ஆபீஸ் அரசியல் பத்தி இல்ல, சம்பளம் பத்தியும் இல்ல. கார் எஞ்சினுக்குள்ள ஓடுற ரெண்டு ரப்பர் பெல்ட்டைப் பத்தி. சப்பையான டாபிக்னு தோணும். ஆனா போன ரெண்டு மாசத்துல இதே கேள்வி நாலு பேர்கிட்ட இருந்து வந்துடுச்சு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி: "ப்ரோ, செகண்ட் ஹேண்ட்ல டீசல் கார் எடுத்திருக்கேன். 90,000 கி.மீ. ஓடியிருக்கு. டைமிங் பெல்ட் மாத்தணும், 12,000 ஆகும்னு மெக்கானிக் சொல்றார். வண்டி நல்லாத்தான் ஓடுது. ஏமாத்துறாரா?"

சின்ன பதில்: பெரும்பாலும் ஏமாத்தல. ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, அந்த 12,000-ல எது நியாயம், எது கூடுதல்னு நீங்களே சொல்லிடலாம். நான் மெக்கானிக் கிடையாது. இன்ஜினியரிங் படிச்சிட்டு சாஃப்ட்வேர் எழுதுற ஆள். ஆனா ஊர் விழுப்புரம், சொந்தக்காரங்க பாதிப் பேர் திண்டிவனம், அதுல ரெண்டு பேர் டாக்ஸி ஓட்டுறாங்க. அதனால இந்தப் பேச்சு எங்க வீட்டுல சாப்பாட்டு நேரத்துலயே நடக்கும்.

ரெண்டு பெல்ட், ரெண்டு வேலை

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். பானெட்டைத் திறந்தா வெளியில தெரியுற பெல்ட், நம்ம ஊர்ல எல்லாரும் ஃபேன் பெல்ட்னு சொல்றது. ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், சில வண்டியில பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப், இதையெல்லாம் சுத்துறது அதுதான். மதுரை கோச்சடையில இருக்கிற ஃபென்னர் கம்பெனி பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. இந்த மாதிரி பெல்ட்டுகளைப் பல வருஷமா தமிழ்நாட்டுலயே பண்றாங்க.

இந்த ஃபேன் பெல்ட் நல்ல பெல்ட். சாகறதுக்கு முன்னாடி கத்தும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது, மழை பெய்ஞ்ச அன்னிக்கு, ஏ.சி. போடும்போது 'கீச்'னு சத்தம் வரும். அறுந்தாலும் பேட்டரி லைட் எரியும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்ல ஓடுற வண்டின்னா டெம்பரேச்சர் முள் ஏறும். உடனே ஓரம் கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணிட்டா சேதம் அந்தப் பெல்ட்டோட முடிஞ்சுடும். சத்தம் வருதேன்னு சோப்புக் கட்டியைத் தேய்ச்சு விடுறவங்க உண்டு. அது சத்தத்தைத்தான் நிறுத்தும், தேய்மானத்தை இல்ல.

இன்னொரு பெல்ட் உள்ள ஒளிஞ்சிருக்கும், கவர் போட்டு. அதுதான் டைமிங் பெல்ட். பல் வெச்ச ரப்பர் பெல்ட். கீழே பிஸ்டன்களோட சேர்ந்து சுத்துற கிராங்க் ஷாஃப்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடுற கேம் ஷாஃப்டையும் இணைக்கிறது இதுதான். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தணும். துல்லியமா. 2,400 ஆர்.பி.எம்.ல போறீங்கன்னா கிராங்க் செகண்டுக்கு 40 சுத்து, கேம் 20 சுத்து. அதாவது ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 20 தடவை திறந்து, பிஸ்டன் மேலே வர்றதுக்குள்ள மூடிடணும்.

இந்தக் கணக்கைக் காப்பாத்துறது ஒரு ரப்பர் துண்டு. முன்னாடி எல்லாம் செயின் அல்லது பல்சக்கரம்தான். 1962-ல ஜெர்மனியில வந்த கிளாஸ் 1004 என்கிற காரில்தான் இந்தப் பல் வெச்ச ரப்பர் பெல்ட் முதல்முறையா பெரிய அளவில் பயன்பாட்டுக்கு வந்தது. சத்தம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு, எண்ணெய் தேவையில்லை. அதனால எல்லா கம்பெனியும் எடுத்துக்கிட்டாங்க. பதிலுக்கு நாம கொடுக்கிறது, குறிப்பிட்ட காலத்துல அதை மாத்துற செலவு.

இப்போ நிறைய எஞ்சின் 'இன்டர்ஃபெரன்ஸ்' டைப். வால்வு திறந்து கீழே வர்ற இடமும் பிஸ்டன் மேலே ஏறி வர்ற இடமும் ஒண்ணுதான், நேரம் மட்டும் வேற. டீசல் எஞ்சின்ல கம்ப்ரஷன் அதிகம், மேலே இடைவெளியே ரொம்பக் கம்மி. பெல்ட் அறுந்தா கேம் நின்னுடும், திறந்த வால்வு திறந்தபடியே நிக்கும், பிஸ்டன் வேகத்துல வந்து அதை இடிக்கும். வால்வு வளையும். சில சமயம் பிஸ்டன், ஹெட் எல்லாம் போகும்.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். இது மெதுவா ஸ்லோ ஆகுற சர்வர் மாதிரி இல்ல. எஸ்.எஸ்.எல். சர்டிபிகேட் மாதிரி. எக்ஸ்பைரி வரைக்கும் நூறு சதவீதம் வேலை செய்யும். அடுத்த நிமிஷம் சைட்டே கிடையாது. "வண்டி நல்லாத்தான் ஓடுது"ங்கிறது இங்க ஒரு ஆதாரமே இல்ல.

உங்க வண்டியில பெல்ட்டா, செயினா?

எல்லா வண்டியிலயும் டைமிங் பெல்ட் கிடையாது. நம்ம ரோட்டுல அடிக்கடி பாக்கிறதை மட்டும் சொல்றேன்.

பெல்ட் உள்ளவை: மாருதி 800, பழைய 800 சிசி ஆல்டோ, பழைய சான்ட்ரோ 1.1, டாடா இண்டிகா டீசல், டொயோட்டா இன்னோவா 2.5 டீசல், ரெனோ டஸ்டர் – நிசான் சன்னி – மைக்ரா 1.5 டீசல், ஃபோர்டு ஃபிகோ – எக்கோஸ்போர்ட் டீசல், போலோ – வென்ட்டோ டீசல்.

செயின் உள்ளவை: ஸ்விஃப்ட் – டிசையர் 1.2 பெட்ரோல், அதே வண்டிகளோட 1.3 டீசல், ஹோண்டா சிட்டி ஐ-விடெக், ஹூண்டாயோட 1.2 கப்பா பெட்ரோல், இன்னோவா கிரிஸ்டா 2.4 டீசல்.

செயின்னா நிம்மதியான்னு கேட்டா, ஆயில் ஒழுங்கா மாத்தினாத்தான். ஆயிலைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தா செயினும் தளரும், காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கலகலன்னு சத்தம் வரும். எலெக்ட்ரிக் வண்டி வெச்சிருக்கிறவங்க, இந்த எபிசோடை சிரிச்சிக்கிட்டே கேளுங்க.

மூணாவதா ஒரு ரகம் இருக்கு: எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே நனைஞ்சு ஓடுற பெல்ட். ஃபோர்டோட 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சின் இதுக்குத் தெரிஞ்ச உதாரணம். இதுல நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவில் வித்த எக்கோஸ்போர்ட் எல்லாம் மறைமலை நகர் ஃபேக்டரியில செஞ்சு கப்பல்ல போனது. 2023 டிசம்பரில் ஃபோர்டு அங்கே சுமார் 1.4 லட்சம் ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்களைத் திரும்ப அழைத்தது. ஆயில் பம்பை ஓட்டுற பெல்ட்டோட டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பல் கழன்று போகலாம், ஆயில் பிரஷர் இல்லாம எஞ்சின் நிக்கலாம் என்பது காரணம். இங்கே அந்த எஞ்சின் வெச்ச வண்டியை செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க: கம்பெனி சொன்ன கிரேடு ஆயில்தான் ஊத்தணும். தப்பான ஆயில் அந்தப் பெல்ட்டைத் தின்னுடும்.

எப்போ மாத்தணும்?

கடைசி வார்த்தை உங்க வண்டி மேனுவல்தான். பொதுவா 60,000-ல இருந்து 1,00,000 கி.மீ. வரைக்கும் சொல்லியிருப்பாங்க, சில எஞ்சினுக்கு அதுக்கும் மேல. கூடவே ஒரு வருஷக் கணக்கும் இருக்கும். பல வண்டிக்கு நாலுல இருந்து ஆறு வருஷம். ரெண்டுல எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. வாரக் கடைசியில மட்டும் ஓட்டி ஏழு வருஷத்துல 35,000 கி.மீ. தொட்ட வண்டிக்கும் பெல்ட் பழசுதான். ரப்பருக்கு ஓடினாலும் வயசாகும், நின்னாலும் வயசாகும்.

இன்னோவா 2.5 டீசல்ல டேஷ்போர்டுல 'டி-பெல்ட்'னு ஒரு லைட்டே இருக்கும். பல பேர் அது பெல்ட்டைச் சோதிச்சுச் சொல்லுதுன்னு நினைக்கிறாங்க. இல்ல. அது வெறும் கிலோமீட்டர் கவுண்டர். பெல்ட் மாத்தின பிறகு மெக்கானிக் அதை ரீசெட் பண்ணணும். பெல்ட் மாத்தாமலே ரீசெட் பண்ணவும் முடியும். அதனால செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது லைட் எரியலங்கிறது ஆதாரம் இல்ல, பில்தான் ஆதாரம். பில் இல்லையா? மாத்தலன்னு வெச்சுக்கிட்டு அந்தக் காசை விலையில கழிச்சுப் பேசுங்க.

நம்ம மாவட்டத்துக்குன்னு இன்னொரு விஷயம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தப்போ, மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை கொட்டுச்சு. விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி சுத்து வட்டாரத்துல எத்தனையோ வண்டி தண்ணியில நின்னுச்சு. துடைச்சு, பாலிஷ் போட்டு இப்போ மார்க்கெட்டுக்கு வரும். சேத்துத் தண்ணி டைமிங் கவருக்குள்ள போனா மணல் துகள் பெல்ட் பல்லுல மாட்டும், பேரிங்ல இருக்கிற கிரீஸை அரிச்சுடும். வண்டி முழுகியிருக்குன்னு சந்தேகம் வந்தா கி.மீ. பாக்காதீங்க, கவரைக் கழட்டச் சொல்லிப் பாருங்க. ஆயில் கசிவு, கூலன்ட் கசிவு பெல்ட் மேல பட்டிருந்தாலும் இதே விதிதான்.

பெல்ட் மட்டுமா, கிட்டா?

காசு விஷயத்துல உண்மையான கேள்வி இதுதான். டைமிங் பெல்ட் தனியா சுத்துறது இல்ல. அதை இறுக்கிப் பிடிக்க ஒரு டென்ஷனர், வழி நடத்த ஐட்லர் புல்லி, சில எஞ்சின்ல வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுத்தும். இது எல்லாத்துலயும் பேரிங் இருக்கு. பெல்ட் புதுசா இருந்தாலும் பேரிங் இறுகிட்டா பெல்ட் கழண்டுடும், இல்ல அறுந்துடும்.

திண்டிவனத்துல என் சித்தப்பா ஒரு ஏழு சீட் டீசல் வண்டி வெச்சு ஓட்டுறார். எந்த வண்டின்னு சொல்லல, வண்டி மேல தப்பு இல்ல. கல்யாணம், மயிலம் கோயில், அமாவாசைக்கு மேல்மலையனூர், இப்படி ட்ரிப். பெல்ட் மாத்துற நேரம் வந்தப்போ ரெண்டு ரேட் வந்துச்சு. பெல்ட் மட்டும்னா லேபரோட 3,200. முழு கிட்டுன்னா 9,800. மெக்கானிக் அவருக்குப் பழக்கமானவர். "அண்ணே, பேரிங்கைக் கையில சுத்திப் பாத்துட்டேன், சத்தமே இல்ல. எதுக்கு 6,000 வீணாக்குறீங்க, பெல்ட் மட்டும் போட்டுக்கலாம்"னார். ஏமாத்துற எண்ணமே கிடையாது. தெரிஞ்ச மனுஷன் காசை மிச்சம் பிடிச்சுக் கொடுக்கணும்னு நினைச்சார்.

30,000 கி.மீ. கழிச்சு, ஒரு அமாவாசை ராத்திரி, விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் பக்கம் வரும்போது ஐட்லர் பேரிங் இறுகிடுச்சு. வண்டிக்குள்ள ஏழு பேர், அதுல ரெண்டு பேர் வயசான அம்மாங்க. எண்பதுல போற வண்டி எஞ்சின் ஆஃப் ஆகி உருளுது. ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி லாரி. பிரேக்கை ஒரே மிதியா அழுத்திப் பிடிச்சு எப்படியோ ஓரம் கட்டிட்டார். "லாரிக்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டே பக்கத்துல போனான் பாரு, அந்தக் காத்துல வண்டி ஆடுச்சுப்பா"ன்னு சொன்னார். பணத்தைப் பத்தி அவர் பேசினது அதுக்கப்புறம்தான்.

பணக் கணக்கு இதுதான். ஹெட்டைக் கழட்டி, வளைஞ்ச வால்வுகளை மாத்தி, கேஸ்கெட், புது கிட், ஆயில், கூலன்ட், டோயிங், லேபர் எல்லாம் சேர்த்து 64,000. வண்டி 17 நாள் ஷெட்ல. அந்த மாசம் 13,500 இ.எம்.ஐ. மட்டும் நிக்கல. முன்பணம் வாங்கின ரெண்டு கல்யாண ட்ரிப்புக்கு வேற வண்டியை வாடகைக்குப் பிடிச்சு அனுப்பினார். அதுல லாபம் பூஜ்யம். தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்த காசு வால்வுக்குப் போச்சு, ஃபீஸுக்கு சித்தியோட வளையல் அடகுக்குப் போச்சு. எல்லாம் 6,600 ரூபாய் வித்தியாசத்துல.

அந்த மெக்கானிக் பேர்ல சித்தப்பாவுக்குக் கோபம் இல்ல. இப்பவும் அவர்கிட்டதான் போறார். ஆனா கேக்கிற விதம் மாறிடுச்சு. "எது கம்மி?"ன்னு கேக்கிறதில்ல, "அடுத்த லட்சம் கிலோமீட்டருக்கு இதைத் திறக்காம இருக்க என்னென்ன போடணும்?"னு கேக்கிறார். நம்ம ஊர் மெக்கானிக் நாம கேக்கிற கேள்விக்குத்தான் பதில் சொல்வார். கம்மி விலை கேட்டா கம்மி விலை கொடுப்பார். நாமதான் கேள்வியை மாத்தணும்.

எவ்வளவு கொடுக்கலாம்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நான் விசாரிச்ச வரைக்கும், தோராயமா இந்த அளவுல வருது. சென்னையில லேபர் கொஞ்சம் கூடும், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இன்னும் கூடும்.

ஃபேன் பெல்ட்: சின்ன பெட்ரோல் கார்னா லேபரோட 600 முதல் 1,500. டென்ஷனரும் சேர்ந்தா 3,000 வரைக்கும்.

டைமிங் பெல்ட் கிட், சின்ன பெட்ரோல் கார்: 4,000 முதல் 7,000.

டைமிங் பெல்ட் கிட், 1.5 முதல் 2.5 லிட்டர் டீசல்: 9,000 முதல் 16,000. வாட்டர் பம்பும் சேர்ந்தா மேல் பக்கம் போகும்.

அப்போ ஆரம்பத்துல கேட்ட அந்த 12,000? டீசல் கார்ல முழு கிட்டுக்குன்னா நியாயமான விலை. பெல்ட் மட்டும்தான்னா அதிகம். பில்லுல என்னென்ன இருக்குன்னு பார்த்தா தெரிஞ்சுடும்.

இது பெரிய தொகையான்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 10,000 ரூபாய் கிட், 80,000 கி.மீ. வருதுன்னு வெச்சுக்கங்க. கிலோமீட்டருக்கு 12.5 பைசா. டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 18-னு வெச்சா எரிபொருளுக்கே கிலோமீட்டருக்கு 5 ரூபாய் மேல. விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் கிட்டத்தட்ட 40 கி.மீ. போயிட்டு வந்தா பெல்ட் செலவு 10 ரூபாய். ஒரு டீயை விடக் கம்மி.

பில் கேக்கும்போது அஞ்சு விஷயம்:

1. உதிரி பாகம் தனி, லேபர் தனி, ஜி.எஸ்.டி. தனின்னு எழுதி வாங்குங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து வாகன உதிரி பாகங்களுக்கு ஒரே வரி, 18 சதவீதம். லேபருக்கும் 18. இன்னும் 28 போட்டா கேளுங்க.

2. புது பெல்ட் டப்பாவைப் பிரிக்காம காட்டச் சொல்லுங்க. எம்.ஆர்.பி., பார்ட் நம்பர், தயாரிச்ச தேதி பாருங்க. போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. டூப்ளிகேட் பெல்ட் நிறைய சுத்துது.

3. கேம், கிராங்க் ரெண்டையும் பூட்டி வைக்கிற லாக்கிங் டூல் உங்க எஞ்சினுக்கு அவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க. அது தேவைப்படுற எஞ்சின்ல பெயின்ட் குறி வெச்சு மாத்துறேன்னா வேற ஷெட் பாருங்க.

4. பெல்ட் மாட்டின பிறகு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, கிராங்கைக் கையால ரெண்டு முழு சுத்து சுத்தி, குறிகள் திரும்ப நேரா வருதான்னு பாக்கணும். நல்ல மெக்கானிக் இதைக் கேக்காமலே செய்வார்.

5. பழைய பெல்ட்டையும் பேரிங்கையும் கையில வாங்குங்க. மாத்தின தேதி, கிலோமீட்டர் ரெண்டையும் ஸ்டிக்கர்ல எழுதி பானெட்டுக்குக் கீழே ஒட்டச் சொல்லுங்க. நாளைக்கு வண்டியை விக்கும்போது அதுதான் உங்க மதிப்பு.

நடுரோட்டுல நின்னுட்டா

ஓடுற வண்டி திடீர்னு ஆஃப் ஆனா: ஹசார்டு போடுங்க. சாவியைப் பிடுங்காதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆயிடும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீங்க. பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும். ஒரே அழுத்தா அழுத்தி இடது ஓரம் போங்க. எல்லாரையும் இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிக்க வைங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்குக் கூப்பிடுங்க.

ரொம்ப முக்கியம்: திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க. டைமிங் பெல்ட் போயிருந்தா செல்ஃப் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருக்கிற நல்ல வால்வும் வளையும். தள்ளி ஸ்டார்ட் பண்றதும் கூடாது.

அவ்வளவுதான் மக்களே. இந்த வாரக் கடைசியில ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. டேஷ்போர்டு டிராயர்ல இருக்கிற மேனுவலை எடுத்து, மெயின்டனன்ஸ் அட்டவணையில டைமிங் பெல்ட் வரியைத் தேடுங்க. வரி இல்லன்னா செயினா இருக்கலாம், சர்வீஸ் சென்டர்ல ஒரு வார்த்தை கேட்டு உறுதி பண்ணிக்கங்க. வரி இருந்து, மாத்தின பில் உங்ககிட்ட இல்லன்னா, திங்கட்கிழமை முதல் போன் மெக்கானிக்குக்கு. அப்பா ஓட்டுற வண்டிக்கும் சேர்த்துப் பாருங்க.

உங்க ஊர்ல என்ன ரேட் சொன்னாங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன். பத்திரமா ஓட்டுங்க.